சாம்பல் புதனுக்கு எரித்த பக்கங்கள்

ஒரு பெண் பிறந்தாள் என்பதற்கு இருந்த ஒரே அத்தாட்சியை நாங்கள் எரித்தோம். நல்ல நோக்கத்தோடு, ஜெபம் பண்ணி, பாட்டுப் பாடி எரித்தோம். எரிக்க வேண்டிய பக்கத்தை வெட்டிக் கொடுத்தவள் நான். நெருப்பில் போட்டவள் அவளேதான். இதை எழுதுவதால் அவளுக்கு வீடு கிடைக்கப்போவதில்லை. என் மனசு ஆறிவிடும் என்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் சபையின் ஆண்டறிக்கையில் இந்தச் சங்கதி சமூகநீதிப் பணிகள் என்ற தலைப்பின் கீழ் மூன்று வரியில் வந்திருக்கிறது. அந்த மூன்று வரியை எழுதியவளும் நான் என்பதால் மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

கண்டி டவுனில் இருக்கும் எங்கள் கோயிலின் அலுவலகத்தில் பதினாலு வருஷமாக வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சிங்கள ஆராதனை, அது முடிய ஆங்கிலம், அதற்குப் பிறகு தமிழ். மூன்று கூட்டமும் ஒரே கதிரைகளில்தான் உட்காருகிறது. ஆனால் ஒரு கூட்டத்தாரின் முகம் மற்றவர்களுக்குத் தெரியாது. எல்லோரும் சேர்ந்து கூடுகிற நாட்களில் மொழிபெயர்க்கிறவள் நான். என் அப்பா கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தவர். எனக்கு ஆறு வயதானபோது டவுனுக்கு வந்துவிட்டோம். நாங்கள் தொழிலாளர்களின் லயத்தில் இருந்தவர்கள் அல்ல, லயத்துக்கு மேலே ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள். நடுவில் இருந்தது நாற்பது ஐம்பது படி. அந்தப் படிகளை எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் மறக்கவில்லை.

சபையின் நல்லிணக்கக் குழு மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை கூடும். கட்லட்டும் பிளேன்டியும் உண்டு. தலைவி ஓய்வுபெற்ற ஆசிரியை; யாழ்ப்பாணத்துக் குடும்பம், கண்டியிலேயே முப்பது வருஷம் படிப்பித்தவர். எல்லோருக்கும் அவர் டீச்சர். குழுவை நான் கேலி பண்ணுவதுண்டு, ஆனால் வெளியாள் யாராவது கேலி பண்ணினால் சண்டைக்குப் போவேன். இங்கே கலகக்காரர்கள் முஸ்லிம் கடைகளை எரித்த வாரத்தில், ஊரடங்கு தளர்ந்த உடனேயே டீச்சர் தன் முழங்கால் வலியோடு அந்தத் தெருவுக்குப் போய், கடைக்காரர்களோடு நின்று கரி அள்ளினார். போன கார்த்திகையில் மலை சரிந்து லயங்கள் புதைந்தபோது எங்கள் கோயில் மண்டபத்தில் மூன்று வாரம் அடுப்பு அணையவில்லை. எல்லோரும் நல்ல மனிதர்கள். கெட்டவர்களாக இருந்திருந்தால் அந்தப் பெண் எங்களிடம் வந்திருக்கவே மாட்டாள்.

அப்பா வேலை பார்த்த அந்தத் தோட்டத்தில் எங்கள் சபைக்கு ஒரு சின்ன ஜெபவீடு இருந்தது. கூரை விழுந்து அதை மூடியபோது அங்கிருந்த ஞானஸ்நானப் பதிவேடு டவுனுக்கு வந்து என் அறை அலுமாரியில் உட்கார்ந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் அச்சடித்த தடித்த புத்தகம். பெயர், தாய் தகப்பன், பிறந்த நாள், ஞானஸ்நானம் பெற்ற நாள், தகப்பனின் தொழில், சாதி என்று கட்டங்கள். வெள்ளைக்காரன் போனபிறகும் தாள் மிச்சமிருந்ததால் உபதேசியார்கள் அதிலேயே எழுதிக்கொண்டு போனார்கள். கட்டம் இருக்கிறதே என்று சாதியையும் எழுதினார்கள். தொழில் என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை கூலி, கூலி, கூலி. அந்தப் புத்தகத்துக்கு வேறு பிரதி கிடையாது.

தை மாதத்தில், சபை வரலாறு எழுதுவதற்காக டீச்சர் அதைத் திறந்தார். சாதிக் கட்டத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அழுதார். நடிப்பில்லை, உண்மையாகவே அழுதார்.

"இதை அலுமாரிக்குள்ள பூட்டி வைச்சுக்கொண்டு நாங்கள் வெளியில போய் நீதி, நல்லிணக்கம் எண்டு கதைக்கிறம். வெக்கமா இல்லையே எங்களுக்கு?" என்றார்.

சாம்பல் புதன் நெருங்கிக்கொண்டிருந்தது. போன வருஷத்துக் குருத்தோலைகளை எரித்து, அந்தச் சாம்பலைத்தான் அன்றைக்கு நெற்றியில் பூசுவோம். மனந்திரும்புதலுக்கு அடையாளம் அது. இந்த வருஷம் குருத்தோலைகளோடு அந்தப் பதிவேட்டின் பக்கங்களையும் எரிக்கலாம் என்றார் டீச்சர். எங்கள் பாவம் எரியட்டும், அந்தச் சாம்பலை மூன்று மொழிக்காரரும் ஒன்றாக நின்று பூசிக்கொள்ளட்டும். கேட்டவுடன் எனக்கும் மெய்சிலிர்த்தது, பொய் சொல்லமாட்டேன். முழுப் புத்தகத்தையும் எரிப்பது சரியில்லை, அது சரித்திரம் என்று ஒருவர் சொன்னதால் பன்னிரண்டு பக்கம் போதும் என்று முடிவாயிற்று. அப்போஸ்தலர்கள் பன்னிரண்டு பேர் என்பதால் பன்னிரண்டு. அவமானம் அதிகமாக உள்ள பக்கங்களாகப் பார்த்துத் தெரிவுசெய்கிற பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள்.

எரிப்பதற்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமை, அந்தத் தோட்டத்திலிருந்து அவள் வந்தாள். நாற்பது, நாற்பத்திரண்டு வயதிருக்கும். செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றாள். கையில் கிராம சேவகர் எழுதிக்கொடுத்த ஒரு துண்டு.

"எனக்கு ஐடென்டி கார்டு இல்லீங்க மிஸ். பொறப்புப் பத்திரமும் இல்ல. எங்க லயம் மண்ணுல போயிருச்சு. வீடு கட்டிக் குடுக்கிறாங்களாம். பங்குனி முடியிறதுக்குள்ள ஐடென்டி காட்டுனாத்தான் லிஸ்டுல பேரு போடுவாங்களாம். ஞானஸ்நானம் குடுத்த பொஸ்தகத்துல பேரு இருந்தா, அத வச்சு இப்பக்கூடப் பொறப்பு பதியலாம்னு கிராம சேவகர் சொன்னாருங்க."

நான் கேட்கக் கேட்கச் சொன்னாள். அவள் பிறந்தது எண்பத்துமூன்றில், கலவர வருஷம். தோட்டத்தை விட்டுக் கீழே இறங்க யாருக்கும் தைரியமில்லாததால் பிறப்பைப் பதிய யாரும் போகவில்லை. சில மாதத்தில் தாயும் செத்துப்போனாள். ஒன்பது வயதில் கொழும்பில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்க அனுப்பிவிட்டார்கள், அதனால் பள்ளிக்கூடத்துப் பதிவும் இல்லை. கல்யாணத்தையும் எழுதிப் பதியவில்லை. புருஷன் போய் இரண்டு வருஷம். இப்போது பன்னிரண்டு வயது மகளோடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில், ஒரு வகுப்பறையின் மூலையில், சேலையைத் தடுப்பாகக் கட்டிக்கொண்டு இருக்கிறாள். மண்ணில் அடையாள அட்டையைத் தொலைத்த மற்றவர்களுக்கெல்லாம் புது அட்டை வந்துவிட்டது. அவர்களிடம் ஒரு காலத்தில் அட்டை இருந்தது, இவளிடம் எப்போதும் இருந்ததில்லை.

"ஒம் பேரு கோயில் பொஸ்தகத்துல இருக்குன்னு எங்கப்பா சாகுறவரைக்கும் சொல்லுவாருங்க. நான் பாத்ததில்ல. பாத்தாலும் வாசிக்கத் தெரியாது," என்று சிரித்தாள்.

அந்தப் புத்தகம் அப்போது என் மேசையில்தான் இருந்தது, அவள் கையிலிருந்து இரண்டு சாண் தள்ளி. நான் ஆராதனை முறையைச் சிங்களத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அவள் பெயரையும், தகப்பன் பெயரையும், பிறந்த மாதத்தையும் ஒரு தாளில் குறித்து பேப்பர்வெயிட்டுக்குக் கீழே வைத்தேன்.

"ஞாயித்துக்கிழமை பெரிய ஆராதனை ஒண்ணு இருக்கு. வேலை தலைக்கு மேல கெடக்கு. அது முடியட்டும், புதன்கிழமை வாங்க, எழுதித் தர்றேன்," என்றேன்.

ஐந்து நிமிஷ வேலை. அந்த ஐந்து நிமிஷத்தை நான் கொடுக்கவில்லை, ஏனென்றால் அவள் காத்திருந்து பழகியவள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. டீச்சருடைய சொந்தக்காரர் யாராவது வந்து கேட்டிருந்தால் எழும்பிப் போய்ப் புத்தகத்தைத் திறந்திருப்பேன். அவள் நன்றி சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போனாள்.

சனிக்கிழமை குழு கூடியது. எங்கள் பாஸ்டர் வடக்கிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வருஷமாகாதவர், எதையும் ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்கிறவர். அன்றைக்கும் கேட்டார்.

"இந்தப் புத்தகத்தைத் தேடி இப்பவும் ஆரும் வாறவையோ?"

"ஒருத்தி வந்திருக்கா. அவ பேரு இருக்கிற பக்கத்த வெட்டாம நான் பாத்துக்கிறேன்," என்றேன்.

"அப்ப பிரச்சினை இல்லை," என்று அடுத்த விஷயத்துக்குப் போனார்.

அடுத்த விஷயம், பக்கங்களை நெருப்பில் யார் போடுவது என்பது. "எங்கட கையால எரிக்கக் கூடாது. ஆரை அவமானப்படுத்தினமோ, அவையில ஒராள் போடவேணும்," என்றார் டீச்சர். எங்கள் தமிழ் ஆராதனைக்கு வருகிறவர்களில் தோட்டத்திலிருந்து வருகிறவர் ஒருவர்கூட இல்லை. யாரைக் கூப்பிடுவது என்று முழித்துக்கொண்டிருந்தோம். நான்தான் சொன்னேன், அந்தப் பெண்ணையே கூப்பிடலாம் என்று. எல்லோருக்கும் சந்தோஷம். டீச்சர் என் கையைப் பிடித்து, கர்த்தரே அவளை அனுப்பியிருக்கிறார் என்றார். அங்கேயே போன் எடுத்துப் பேசினேன்.

"வந்தா என் பேப்பர் விஷயத்துக்கு நல்லதுங்களா மிஸ்?" என்று கேட்டாள்.

"நல்லதுதான்," என்றேன்.

கூட்டம் கலைந்தபிறகு என் அறையில் உட்கார்ந்து இரும்பு அடிமட்டமும் பிளேடும் வைத்துப் பக்கங்களை வெட்டினேன். ஆராதனையில் பெயர்கள் எதையும் வாசிக்கக் கூடாது, ஆட்களின் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அதனால் பெயர்க் கட்டத்தின்மேல் ஒரு அட்டைத் துண்டை வைத்து மறைத்துக்கொண்டு, தொழிலையும் சாதியையும் மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். பெயர்களை மறைப்பது மரியாதை என்றே நினைத்தேன்.

ஆனால் ஒரு பெயரைத் தேடினேன். நான் அந்தத் தோட்டத்தில் பிறந்தவள், என் ஞானஸ்நானமும் அந்தப் புத்தகத்தில்தான் பதிந்திருந்தது. பிளேடை எடுக்கும் முன்பே அதைத் தேடிக் கண்டுபிடித்து, தவறி வெட்டிவிடாமலிருக்க அந்தப் பக்கத்தில் ஒரு காகிதத்தைச் செருகினேன். அப்பாவின் தொழில் கிளாக்கர் என்று அழகான கையெழுத்தில் இருந்தது. ஒரு கிளாக்கரும் இரண்டு கங்காணிமாரும் இருந்ததால் அந்தப் பக்கத்தில் அவமானம் குறைவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவள் விவரம் எழுதிய தாள் பேப்பர்வெயிட்டுக்குக் கீழேதான் இருந்தது. பார்க்க வேண்டும் என்ற ஞாபகமும் இருந்தது. ஆனால் எந்தப் பக்கத்தில் கூலி அதிகம், எந்தப் பக்கத்தில் சாதிப் பெயர் மோசம் என்று எண்ணி எண்ணிப் பொறுக்குவதில் எனக்கு ஒரு ருசி பிடித்துவிட்டது. பன்னிரண்டாவது தாளை வெட்டி எடுத்தபோது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது பாதி உண்மைதான். நாளைக்குக் காலையில் வந்து பார்க்கலாம் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் கதிரைகளை முற்றத்துக்கு இறக்குகிற வேலை வந்துவிட்டது.

ஞாயிறு ஆராதனை மிகவும் நன்றாக நடந்தது. அதைவிட நல்ல ஆராதனை ஒன்றை நான் அந்தக் கோயிலில் பார்த்ததில்லை. முற்றத்தில் செங்கல் அடுக்கி, மண்டபத்துச் சமையலறையிலிருந்து பெரிய இரும்புத் தாச்சியைக் கொண்டுவந்து வைத்தார்கள். மூன்று கூட்டமும் சுற்றி நின்றது. காய்ந்த குருத்தோலை படபடவென்று எரிந்தது. நான் பெயர்க் கட்டத்தை விரலால் மறைத்தபடி ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் தொழிலையும் சாதியையும் வாசித்தேன். தமிழில் ஒரு தடவை, சிங்களத்தில் ஒரு தடவை. ஆங்கில ஆராதனைக்கு வருகிற ஒரு வயதான கனவான் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். சிங்களப் பெண்கள் சிலர் விம்மினார்கள்.

அவள் துவைத்து மடித்த நைலெக்ஸ் சேலை கட்டி, மகளுக்கு இரட்டைப் பின்னல் போட்டுக் கூட்டி வந்திருந்தாள். டீச்சர் அவள் தோளில் கைபோட்டபடி நின்றார். நான் வாசித்து முடித்த தாளை அவள் கையில் கொடுப்பேன், அவள் வாங்கி நெருப்பில் போடுவாள். தோசைக்கல்லில் ரொட்டி போடுகிற மாதிரி, விரல் சுடாமல், ஓரத்திலிருந்து பதமாகப் போட்டாள். ஒவ்வொரு தடவையும் சரியாகப் போட்டேனா என்று என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். நடுவில் காற்றடித்து ஒரு தாள் பாதி எரிந்தபடி தாச்சியை விட்டுப் பறந்தது. அவள் ஓடிப்போய் அதைப் பிடித்து, தட்டி, மறுபடியும் நெருப்பில் வைத்து, ஒரு குச்சியால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கூட்டம் கைதட்டியது. அவளும் மகளைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தாள்.

திங்கட்கிழமை அந்தச் சாம்பலைத் தேத்தண்ணி வடியில் சலித்து, கொஞ்சம் எண்ணெய் விட்டுக் குழைத்து வைத்தேன். புதன்கிழமை மத்தியானம் ஆராதனை. அவள் சொன்னபடி வந்தாள். பேப்பர் வாங்க வந்தவள், வரிசையில் நிற்கச் சொன்னார்கள் என்று வரிசையில் நின்றாள். பாஸ்டர் அவள் நெற்றியில் கறுப்பாகச் சிலுவை போட்டார். எல்லாம் முடிந்தபிறகு என் அறைக்கு வந்து, போன தடவை நின்ற அதே இடத்தில் நின்றாள்.

அன்றைக்குத்தான் புத்தகத்தைத் திறந்தேன். பின்னட்டைக்கு உள்ளே யாரோ ஒரு உபதேசியார் பென்சிலால் அட்டவணை போட்டிருந்தார். பெயரும் தாள் எண்ணும் மட்டும். அவள் பெயர் இருந்தது. எண்பத்தேழாம் தாள். நான் புரட்டினேன். எண்பத்தாறு இருந்தது. அடுத்தது எண்பத்தெட்டு. நடுவில் என் பிளேடு வெட்டிய ஓரம் நேராக, சுத்தமாக இருந்தது.

"இருக்குங்களா மிஸ்?"

"பேரு இருக்கு," என்றேன்.

"நீங்க நல்லா இருப்பீங்க மிஸ்," என்று இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். நெற்றியில் அந்தச் சாம்பல். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. வாசிக்கத் தெரியாமல் ஏன் வந்து தொலைத்தாய், எரிக்கக் கூப்பிட்டால் உடனே வந்துவிடுவாயா என்று கத்த வேண்டும் போலிருந்தது. கொஞ்சம் சிக்கல் இருக்கிறது, அடுத்த கிழமை வாங்க என்று அனுப்பிவிட்டுப் பாஸ்டரிடம் ஓடினேன்.

அடுத்த கிழமை அவளிடம் டீச்சர்தான் உண்மையைச் சொன்னார். பாஸ்டரும் நானும் பக்கத்தில் இருந்தோம். டீச்சர் எதையும் மறைக்கவில்லை. உன்னுடைய பக்கத்தையும் எரித்துவிட்டோம், அது எங்கள் பிழை என்று சொன்னார். சொல்லிக்கொண்டே உடைந்து அழுதார். அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. அந்தப் பெண்தான் எழும்பிப் போய்க் கூசாவிலிருந்து தண்ணீர் வார்த்துக்கொண்டு வந்து அவர் வாயருகே பிடித்தாள். அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"எங்களை மன்னிப்பியா பிள்ளை?" என்றார் டீச்சர்.

"அழுவாதீங்க டீச்சர். தெரியாமத்தானுங்களே நடந்துச்சு. மன்னிச்சிட்டேங்க. அந்தப் பேப்பர் மட்டும் எப்பிடியாச்சும் வேற வழியில..." என்றாள்.

டீச்சர் அவளைக் கட்டிப்பிடித்து இன்னும் அழுதார். பாஸ்டர் ஜெபம் பண்ணினார். அன்றைய குழுக் குறிப்பில், மன்னிப்புக் கேட்கப்பட்டது, பெறப்பட்டது என்று நான் எழுதினேன்.

பாஸ்டர் சபையிலிருக்கும் ஒரு சட்டத்தரணிக்குப் போன் போட்டார். அவர் போனிலேயே கத்தினார். பதிவேட்டை அழித்தது வெளியே தெரிந்தால் வழக்கு வரலாம், பொலிசுக்கும் போகலாம், முதலில் கேட்கப்படுகிறவர் புத்தகத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் என்றார். அது நான். சட்டத்தரணி சொல்லச் சொல்ல ஒரு கடிதம் தயாராயிற்று. இந்தப் பெயர் எங்கள் பதிவேட்டின் அட்டவணையில் உள்ளது, குறிப்பிட்ட தாள் தற்போது எங்களிடம் இல்லை. அவ்வளவுதான். கீழே, பதிவேட்டுக்குப் பொறுப்பானவர் என்று என் கையெழுத்து.

"இதில பொய் ஒண்டும் இல்லை. எரிச்சது எண்டு நாங்களாப் போய்ச் சொல்லத் தேவையில்லை, அவ்வளவுதான்," என்றார் பாஸ்டர். "நீங்கள் கூடப் போங்கோ அக்கா. கந்தோரில சிங்களத்தில கதைக்க ஆள் வேணும்."

மண்டபத்து அறிவிப்புப் பலகையில், அவள் தாளை நெருப்பில் வைக்கிற படம் ஒன்று பெரிதாகக் குத்தியிருந்தது. போவதற்கு முதல் நாள் அதைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினேன்.

பங்குனி முடிய ஒன்பது நாள் இருக்கும்போது அவளோடு பிறப்புப் பதிகிற கந்தோருக்குப் போனேன். கம்பளை பஸ்ஸிலிருந்து இறங்கி, எனக்காக ஒரு பொட்டலம் மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்திருந்தாள். நடந்து போகும்போது நான் சொன்னேன்.

"தாள் எங்கன்னு கேட்டா, தெரியாதுன்னு மட்டும் சொல்லுங்க."

"பொய்யா சொல்லணும் மிஸ்?" என்று கேட்டாள். அதட்டலாக இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் முன்னால் நடந்தேன்.

உத்தியோகத்தர் மோசமான மனிதரல்ல. வயதானவர், எங்களை உட்காரச் சொன்னார். தமிழ் தெரியாததற்கு மன்னிப்புக்கூடக் கேட்டார். கடிதத்தை வாசித்தார். நான் கொண்டுபோயிருந்த புத்தகத்தின் பின்னட்டையில் பென்சில் பெயரைப் பார்த்தார், வெட்டிய ஓரத்தையும் பார்த்தார். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, இந்தத் தாள் எங்கே போனது என்று என்னைப் பார்த்துக் கேட்டார். கேட்டது என்னிடம்தான். நான் அதை அவளிடம் திருப்பினேன்.

"தாள் எங்கன்னு கேக்கிறாரு."

அவள் எழுந்து நின்றாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

"அது எரிஞ்சிருச்சுங்க சார். சாதி எழுதியிருக்குன்னு கோயில்ல எல்லாரும் சேந்து எரிச்சாங்க. இந்த மிஸ்தான் வெட்டி எங்கையில குடுத்தாங்க. நான் நெருப்புல போட்டேன். அதுல எம்பேரு இருந்தது எனக்குத் தெரியாதுங்க சார், தெரிஞ்சிருந்தா போட்டிருக்க மாட்டேன்."

உத்தியோகத்தர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்கிறார் நோனா?"

எனக்கு யோசிக்க நேரம் இருந்தது. ஒன்றுமே தெரியாமல் வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்று சொல்ல முடியாது. என் கையெழுத்து அந்தக் கடிதத்தில் இருந்தது. பொலிஸ் நிலையத்தில் நான் உட்கார்ந்திருப்பதையும், பதினாலு வருஷ வேலை போவதையும், கோயில் பெயர் பேப்பரில் வருவதையும் நினைத்தேன். அவளுடைய மகளையும் நினைத்தேன், அதையும் எழுதிவிடுகிறேன், நினைக்காமல் இல்லை.

"தாளை நெருப்பில் போட்டேன் என்று சொல்கிறார்," என்றேன் சிங்களத்தில்.

"அவரா? அவரே?"

"ஆமாம். அவரே."

அவர் உச்சுக்கொட்டித் தலையை ஆட்டினார். படிக்காத சனம், என்ன செய்கிறோம் என்று தெரியாமலே செய்துவிடுகிறார்கள் என்றார். இனி கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும், ஒரு வருஷமாவது இழுக்கும், அதுவும் தன் பத்திரத்தைத் தானே எரித்தவருக்குக் கிடைக்குமா தெரியாது என்றார். பிறகு விண்ணப்பத்தின் கீழே எழுதத் தொடங்கினார். தலைகீழாக இருந்தாலும் என்னால் வாசிக்க முடிந்தது. விண்ணப்பதாரி தன் பிறப்புக்கான சான்றைத் தானே எரித்துவிட்டதாக ஒப்புக்கொண்டார். எழுதி முடித்து, தாளைத் திருப்பி அவள் முன்னால் தள்ளிவிட்டு, மைப்பெட்டியைத் திறந்து வைத்தார்.

"நான் சொன்னதெல்லாம் எழுதிக்கிட்டாருங்களா மிஸ்?" என்று அவள் கேட்டாள்.

"எழுதிக்கிட்டாரு," என்றேன்.

பெருவிரலை மையில் தொட்டுவிட்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். அந்த வரிக்குக் கீழே நான் இடம் காட்டினேன். அவள் அங்கே வைத்தாள்.